ரயில் போகட்டும், அப்புறம் எடுக்கலாம்

சத்தத்தோடு படம் பிடிக்க வேப்பம்பட்டு தோதான ஊரில்லை. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது. மின்சார ரயில், எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். ஊரில் யாரும் அந்தச் சத்தத்தைத் தனியாகக் கவனிப்பதில்லை. வண்டி வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அந்தப் பழக்கத்தை நான் முதன்முதலாகக் கவனித்தது குறும்படம் எடுக்கத் தொடங்கியபோது. சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்திருந்தது. போட்டோ எடுக்கும் கேமராவிலேயே சினிமாவுக்கு நெருக்கமான படம் கிடைக்கும் என்று ஆனபின், எங்களைப் போன்ற மாணவர்களுக்கு வழி திறந்துவிட்டது. வடபழனியில் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, பையை மடியில் வைத்தபடி மின்சார ரயிலில் ஊருக்குக் கொண்டுவருவோம். ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அது ஓடாது, கோப்பின் அளவு நான்கு ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும். எங்களுக்கு அதுவே தாராளம். எந்த ரயிலும் வராமல் பன்னிரண்டு நிமிடம் எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும்?

அதனால் ரயில் நேரங்களைப் படித்தோம். பிருந்தாவன் போய்விட்டதா, லால்பாக் வர இன்னும் எவ்வளவு நேரம், லோக்கல் எது தாமதம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். பூம் ராடு பிடிக்கும் நண்பனுக்குத்தான் ஹெட்போனில் முதலில் கேட்கும். கையைத் தூக்குவான். நடிப்பவர், விளக்குப் பிடிப்பவர், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே நிற்போம். கேட் பக்கம் ஹாரன் அடித்து, வண்டி கடந்து, தண்டவாளத்தின் அதிர்வு அடங்கும்வரை யாரும் பேசமாட்டோம். பிறகு அவன் கை இறங்கும். "ரோலிங்" என்று ஒரு குரல்.

அந்தக் கேமராவில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. அதன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் பிடிக்காது, மேலிருந்து கீழாக வரிவரியாகப் பிடிக்கும். வேகமாகப் போகும் எக்ஸ்பிரஸைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால், கீழ்வரி பதிவாவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பெட்டிகள் நேராக நிற்காமல் சாய்ந்து தெரியும். அதைக் குறை என்றார் ஆசிரியர். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊரில் நிற்காத வண்டிகள், எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓடுகிறவை, படத்தில் அப்படி ஒருபக்கம் சாய்ந்துகொண்டு போவது சரியாகவே பட்டது.

இப்போது நான் ஏங்குவது கேமராவுக்காக இல்லை. அதைவிட நல்ல கேமரா என் தொழிலில் தினமும் கைக்கு வருகிறது. நான் ஏங்குவது அன்று வீடுவீடாகப் போய்க் கேட்டு நின்ற நிலைக்காக. இயக்குநர் என்பவர் சொல்கிறவர், மற்றவர்கள் செய்கிறவர்கள் என்ற எண்ணத்தோடுதான் கல்லூரியில் சேர்ந்தேன். வேப்பம்பட்டில் குறும்படம் எடுப்பவர் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் ஃபேனை நிறுத்திக்கலாமா?" மே மாத வெயிலில் இப்படிக் கேட்பதற்கு என்ன உரிமை இருந்தது எனக்கு? ஃபேனை நிறுத்தினால்தான் மைக்கில் வசனம் தெளிவாக விழும். அடுத்து ஃப்ரிட்ஜ். அதை நிறுத்தியவர்கள் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், உள்ளே பால் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடும். அங்கே போய் ஒலியைக் குறைக்கச் சொன்னால், "இன்னாம்மா படம்? யாரு ஹீரோ?" என்று விசாரித்துவிட்டு டிவியையே அணைத்துவிட்டு வந்து நிற்பார்கள். பின்வீட்டில் குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும். விசில் அடிக்கட்டும் என்று நாங்களும் காத்திருப்போம். வசனம் முடிந்ததும் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு. ரூம் டோன் என்போம். எதற்கு இது என்று விளக்கிச் சொன்னால் புரியாது. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும், கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண் உட்பட, அசையாமல் நின்று கொடுத்தார்கள்.

ஆடி மாதத்தில் மட்டும் கேட்கவே முடியாது. திருவள்ளூர் வட்டாரத்தில் ஆடி ஞாயிறு என்றால் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பார்கள், விடிகாலையிலேயே ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிடும். எங்களுக்கும் கல்லூரி விடுமுறை ஞாயிறுதான். அந்த மாதம் முழுக்க வசனமில்லாத காட்சிகளாக எழுதிக்கொண்டோம். வசனத்தைக் குறைத்து எழுதும் பழக்கம் எனக்கு அம்மனால் வந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர், "என் கடைய காட்டாதம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் காட்சியைப் புளியமரத்தடிக்கு மாற்றினோம். படம் எடுக்கப்படுகிறவருக்கு மாட்டேன் என்று சொல்லும் இடம் இருந்தது. அந்த இடம் இருந்ததால்தான் சரி என்று சொன்னவர்களின் சரிக்கு மதிப்பு இருந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் நடிகர்கள் எல்லோரும் தெருக்காரர்கள். அப்பா வேடத்தில் நடித்தவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடைத்தால் இரட்டிப்புக் கூலி. அதை விட்டுவிட்டு வந்து நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஓர் அண்ணன், தூங்கினால் முகம் வீங்கிவிடும் என்று தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே வசனம். எங்கள் படப்பிடிப்பு அட்டவணை அவர்களுடைய ஷிஃப்ட்டை ஒட்டித்தான் அமைந்தது.

ஆயா வேடத்துக்குத் தெருமுனையில் கீரை விற்கும் ஆயாவையே கேட்டோம். வரப்பில் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். நடந்தார். கேமராவை மாற்றி வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னோம். "நடந்ததத்தான் நடந்துட்டனே, இன்னும் எதுக்கு?" என்றார். தூரத்திலிருந்து ஒருதடவை, கிட்டத்திலிருந்து ஒருதடவை எடுத்து ஒட்டுவோம் ஆயா, பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒரேதடவை நடந்ததுபோல் இருக்கும் என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப இதே பொடவதான் கட்டணும்" என்றார். காட்சித் தொடர்ச்சி என்று வகுப்பில் ஒரு பருவம் முழுக்க எங்களுக்கு நடத்தியதை அவர் அந்த ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். மீதிக் காட்சி அடுத்த ஞாயிறு. "நீ வர்ற வரிக்கும் இத எடுத்து வெச்சிக்கிறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அந்தப் புடவையை அவர் கட்டவில்லை. அவரிடம் எத்தனை புடவை இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்மதம் என்பதும் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆயா அதே புடவையில் வந்தார். வயல்தான் அதே வயலாக இல்லை. இடைப்பட்ட நாட்களில் மனைக்கல் நட்டிருந்தார்கள். வெள்ளையடித்த கற்கள், சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள், சாலையோரம் டிடிசிபி அப்ரூவ்டு என்று ஒரு போர்டு. காட்சியின் பாதி வெறும் வயலில், மீதி பாதி மனைப்பிரிவில்.

சத்யஜித் ராய்க்கு நடந்ததை வகுப்பில் படித்திருந்தோம். 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் படப்பிடிப்பும் விடுமுறை நாளில்தான். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்கும் காட்சி. பாதி எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. ராய் அடுத்த பருவம்வரை காத்திருந்து, பூ மறுபடி பூத்தபின் எடுத்தார். 1955-இல் வெளியான படத்தில் நாம் பார்ப்பது அப்படி இரண்டு பருவங்களை ஒட்டிய காட்சி. எங்களுக்கு அந்த வழி இல்லை. நாணல் திரும்ப முளைக்கும், மனைக்கல் நட்ட வயலில் நெல் முளைக்காது.

கல்லைக் கதைக்குள் கொண்டுவந்தோம். ஆயா வரப்பில் நடந்து வருகிறார், கல்லைப் பார்க்கிறார், நிற்கிறார். என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்க ஆயா" என்றேன். அவர் குனிந்து கல்லின்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார். வரப்பு போன வழியிலேயே போனார், கல் குறுக்கே இருந்த இடங்களில் மட்டும் விலகி. நான் இயக்கியவற்றில் இன்றுவரை எனக்குப் பிடித்த ஷாட் அதுதான், அதை நான் இயக்கவில்லை.

எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். பூசலார் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுக் காசு கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர் வைத்து, நாள் பார்த்துக் குடமுழுக்கு வரை கொண்டுபோனவர். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், உன் விழாவைத் தள்ளிவை என்றாராம். பெரியபுராணம் படிக்காதவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் இந்தக் கதை தெரியும். இருதயாலீசுவரர் கோயில் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பூசலார் மனத்தில் கட்டினாலும் அவசரப்படவில்லை. அடித்தளம், விமானம், மதில், கிணறு எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். காசில்லாத மாணவர்கள் ஷாட் பிரித்து எழுதும் நோட்டுப் புத்தகமும் அந்த முறையில்தான் நிறையும். மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-இல், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெராக்ஸ் கடை இன்வெர்ட்டரை நம்பிக்கொண்டிருந்த இரவுகளில், எடுக்கப் போகும் படம் முழுவதையும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எந்த ஷாட்டில் எந்தப் பக்கம் வெளிச்சம், யார் எப்போது திரும்புகிறார்கள் என்பது வரை. அவற்றில் பெரும்பாலானவை எடுக்கப்படவில்லை. எடுத்த படங்களைவிட அவை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

அந்தக் காலமும் அப்படிப்பட்டது. கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' ஓடிக்கொண்டிருந்தது. குறும்படம் என்ற சொல் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தது அந்த நிகழ்ச்சியால். அதில் படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார், நலன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' எடுத்தார். போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊரைப் பற்றி ராம்குமார் எடுத்த குறும்படம் 2014-இல் 'முண்டாசுப்பட்டி'யாக வந்தது. அவர்களுக்கெல்லாம் முன்னால், 2000-ஆம் ஆண்டு வாக்கில், பாலு மகேந்திரா சன் டிவியில் 'கதை நேரம்' என்று தமிழ்ச் சிறுகதைகளை வாரம் ஒன்றாகப் படமாக்கினார். புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர், பெரிய படங்களை இயக்கியவர், ஒரு வீடு, இரண்டு மூன்று நடிகர்கள், ஜன்னல் வெளிச்சம் என்று எடுத்துக் காட்டினார். சிறிய படம் பெரிய படத்துக்குப் போகும் படிக்கட்டு என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது இதைத்தான். சிறுகதை எழுதுகிறவரிடம் எப்போது நாவல் எழுதப் போகிறீர்கள் என்று கேட்பது எவ்வளவு தவறோ, குறும்படம் எடுக்கிறவரிடம் எப்போது சினிமா என்று கேட்பதும் அவ்வளவு தவறு.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2012-இல் வந்த 'அட்டகத்தி'. ஆவடிப் பக்கம் கரலப்பாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பா. இரஞ்சித்தின் முதல் படம். நகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல் இருக்கும் எங்கள் பக்கத்து ஊர்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் பையன்கள், அந்தப் பேச்சு எல்லாம் திரையில் வந்தன. எங்கள் தெருவைப் படம் எடுக்கலாம், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்ற தைரியம் அன்று வந்தது.

இப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் படங்களும் பாதுகாப்புப் படங்களும் எடுத்துக் கொடுக்கிறேன். உருக்காலையில் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, ஓடும் இயந்திரத்தில் ஏன் கையை விடக் கூடாது என்று காட்டும் படங்கள். ஒருவருடைய விரல் இவற்றால் தப்பினால்கூட அது பெரிய காரியம்தான், அந்த நம்பிக்கையோடுதான் எடுக்கிறேன். ஆனால் அங்கே நான் யாரிடமும் கேட்பதில்லை. அனுமதியெல்லாம் மின்னஞ்சலில் முன்பே வந்திருக்கும். கேட் பாஸ், ஹெல்மெட், சேஃப்டி ஷூ, உள்ளே போனால் சூப்பர்வைசர் நான்கு பேரை நிறுத்தி வைத்திருப்பார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பிள்ளைகள். அங்கே நில் என்றால் நிற்கிறார்கள், மறுபடி செய் என்றால் செய்கிறார்கள். ஏன் மறுபடி என்று அந்த ஆயா கேட்டதுபோல் ஒருவரும் கேட்டதில்லை. என் கடையைக் காட்டாதே என்று சொல்லும் இடம் அவர்களுக்கு இல்லை. சூப்பர்வைசர் நகர்ந்த நேரம் பார்த்து, எனக்குத் தெரிந்த இந்தியில், உங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். அது சம்மதமா என்று எனக்கு உறுதியாகத் தெரிவதில்லை.

வேப்பம்பட்டிலிருந்து எங்கள் குடும்பம் மாறிவந்துவிட்டது. எப்போதாவது போகிறேன். அந்த வரப்பு இருந்த இடத்தில் இப்போது வீடுகள், ஒரு மளிகைக் கடை, சிமென்ட் சாலை. வீடு கட்டி வந்தவர்களும் எங்களைப் போல வாடகை கட்டி அலுத்துச் சேமித்தவர்கள்தான். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அங்கே வயல் இருந்ததைக் காட்ட என் படத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. 1910-களின் பிற்பகுதியில் ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. மோட்டார் உதிரிபாக வியாபாரி, புனேவில் ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா கற்றுக்கொண்டு வந்து புரசைவாக்கத்தில் படம் பிடித்தார். ஒருவகையில் அவரும் மாணவ இயக்குநர்தான். பிடித்த சுருளைக் கழுவ ஆய்வகத்தைக் குளிர்ந்த ஊரான பெங்களூரில் வைத்திருந்தார். வார இறுதிகளில் அங்கே கழுவினார்கள். அந்தச் சுருள்கள் ரயிலில் போயிருந்தால் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த மௌனப் படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதே கதி.

அவை நைட்ரேட் ஃபிலிமில் இருந்தன, எரிந்தன, மக்கின. நம்முடையவை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, ஓட்டாமல் வைத்த ஹார்ட் டிஸ்க்கும் செத்துப்போகும். எங்களுக்கு முந்தையவர்கள் எடுத்த மினி டிவி டேப்புகளை ஓட்டிப் பார்க்க இன்று கேமரா தேடி அலைய வேண்டும். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. விஸ்காம் மாணவர்களின் செமஸ்டர் படத்தைத் தேடி அது வரப் போவதில்லை.

ஆயா இறந்தபின் அவருடைய பேரன் எனக்குப் போன் செய்தார். "அக்கா, ஆயா நடக்கிற மாதிரி உங்ககிட்ட ஒரு வீடியோ இருக்குதாமே" என்றார். அவர்களிடம் இருந்தது ரேஷன் கார்டு போட்டோ மட்டும். இரண்டு டிஸ்க்குகள் ஓடவில்லை, மூன்றாவதில் கிடைத்தது. வெட்டாமல், ஒட்டாமல், நாங்கள் எடுத்த எல்லா டேக்குகளையும் அனுப்பினேன்.

குறும்படம் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய டிஸ்க்கை இந்த வாரமே வெளியே எடுங்கள். ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு, நடித்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். படத்தில் வந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களுக்காக ஃபேனை நிறுத்தியவர்கள் அவர்கள்.